கட்டைவிரல் கணக்கு

முதல் பாடத்தின் தலைப்பு ‘மவுஸைப் பிடிப்பது எப்படி’. மூன்று வருடமாக டைப் அடித்துச் சோறு தின்கிறவளுக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? வீடியோவில் கோட் போட்ட ஒருவர் மவுஸைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினார். சத்தத்தை அணைத்து, ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்தபோது பாடத்துக்கு எதிரே பச்சை டிக் விழுந்திருந்தது.

அப்படியே பன்னிரண்டு வாரத்தையும் ஓட்டினேன். ஆன்லைன் கல்லூரிக்கு நான் துவைக்கிறேனா, தூங்குகிறேனா என்பதெல்லாம் தெரியாது. வீடியோ ஓடினால் போதும், டிக் விழும். கடைசி வாரம் ‘வாழ்த்துகள், நூறு சதவீத வருகை’ என்று பலூன் எல்லாம் பறந்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனையின் பதிவேட்டு அறையில். நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுக்கிற டிஸ்சார்ஜ் தாளை டைப் அடிக்க வேண்டும். தற்காலிக வேலை. வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்து, அதற்கு முந்தைய ஒரு மாதம் முழுக்கத் தூக்கம் கிடையாது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதே மருத்துவமனையில் அம்மா தரை துடைக்கிறாள். அவளுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால் அம்மா நிரந்தரம், நான் தற்காலிகம். இந்த வேடிக்கையை நினைத்து நினைத்து எனக்குச் சிரிப்பு வற்றிப்போய்விட்டது.

எங்கள் அறையின் மூத்த டைப்பிஸ்டை எல்லோரும் ஸ்பீடு அக்கா என்போம். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறாள். அவள் நாற்காலி நிரந்தர நாற்காலி. “அது உனக்குத்தாம்மா” என்று மேனேஜர் வாய்விட்டே சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. மாதம் முடிவதற்குள் அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்றின் வேர்ட் பிராசஸிங் சான்றிதழ் வேண்டும். அதற்குத்தான் அந்தப் பன்னிரண்டு வாரமும்; தேர்வு மட்டும் பாக்கி.

“சர்டிபிகேட்டா? நான் சேர்ந்தப்போ பத்து விரலும் இருக்கான்னு மட்டும்தான் பாத்தாங்க,” என்றாள் ஸ்பீடு அக்கா.

“உங்களுக்கென்னக்கா, அந்தக் காலம்.”

“அந்தக் காலமாவது ஒண்ணாவது. எழுதிட்டு வா போ. உனக்குத் தெரியாததையா கேட்டுடப் போறான்?”

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் அறையில் மருந்துப் பட்டியல் அடிக்க ஒரு முறை உண்டு. மருந்தின் பெயர், அளவு, காலை, மதியம், இரவு என்று ஐந்து பத்தி. பெயரின் நீளத்தைக் கண்ணால் அளந்து, மிச்ச இடத்தை ஸ்பேஸ் பாரில் கட்டைவிரலால் தட்டி நிரப்புவோம். நீளமான பெயருக்கு ஆறு தட்டு, குட்டையான பெயருக்குப் பதினேழு. எண்ணவே மாட்டோம், விரலே எண்ணிக்கொள்ளும். தாளை எடுத்துப் பார்த்தால் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்தாற்போல நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு படிய ஆறு மாதம் ஆகும். எனக்கு மூன்றே வாரத்தில் படிந்தது. அந்தத் திமிர் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

பதினோராம் தேதி மத்தியானம், மேனேஜரிடம் அனுமதி வாங்கி, ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே தேர்வு எழுதினேன். அம்மா வெளியே துடைப்பானை வைத்துக்கொண்டு கதவுக்குக் காவல். ஏதோ பரீட்சை என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்; நாற்காலி விஷயத்தைக் கிடைத்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

“உள்ள பரீட்சை நடக்குது, யாரும் போகாதீங்க,” என்று அவள் யாரையோ விரட்டுவது கேட்டது.

“உனக்கா பரீட்சை?”

“எம் பொண்ணுக்கு. டிகிரி படிச்சவ.”

ஒரு கடிதம், ஒரு மருந்துப் பட்டியல் போன்ற அட்டவணை, எட்டுப் பக்க அறிக்கை ஒன்றுக்குத் தலைப்புகளும் பொருளடக்கமும். இவ்வளவுதான் கேள்வி. அட்டவணையைக் கட்டைவிரலால் நிறுத்தினேன். தலைப்புகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கித் தடிப்பாக்கினேன். பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே வரும் புள்ளிகளையும் ஒவ்வொன்றாக அடித்தேன். இருபது நிமிடம் மீதி வைத்து முடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

முப்பத்துநான்கு மதிப்பெண். தேற ஐம்பது வேண்டும்.

திருத்தியது மனிதர் இல்லை, ஏதோ மென்பொருள். அது தாளைப் பார்ப்பதில்லை, தாளுக்குள்ளே என்ன அடித்திருக்கிறோம் என்று பார்க்கிறது. ‘அட்டவணை பயன்படுத்தப்படவில்லை: 0. தலைப்புப் பாணி பயன்படுத்தப்படவில்லை: 0. பொருளடக்கம் உருவாக்கப்படவில்லை: 0.’ இதற்கெல்லாம் வேர்டிலேயே தனிப் பொத்தான் உண்டாம், கையால் அடித்தது கணக்கில் வராதாம். கீழே ஒரு வரி: மறுதேர்வு முப்பது நாட்களுக்குப் பிறகு.

முப்பது நாட்களுக்குப் பிறகு ஸ்பீடு அக்காவின் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

கதவைத் திறந்தேன். அம்மா முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் எதற்குக் கோபம் என்று கேட்காதீர்கள்.

“என்னாச்சுடி?”

“ஒண்ணுமில்ல. ரிசல்ட் வர நாளாகும்.”

கல்லூரியின் இணையப் பக்கத்தில் ‘ஆசிரியரிடம் கேளுங்கள்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. நான்கு பத்திக்கு எழுதினேன். மூன்று வருடமாக இதே வேலை பார்க்கிறேன், என் தாளில் ஒரு எண் கூட இடம் மாறியதில்லை, வேண்டுமானால் அச்செடுத்துப் பாருங்கள், மறுதேர்வைப் பத்து நாளில் வையுங்கள் என்று கெஞ்சியும் திட்டியும் எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. ‘அன்பு மாணவரே, விதி அனைவருக்கும் ஒன்றே. நான்காம் பாடத்தை மீண்டும் பார்க்கவும்.’

மீண்டுமா? நான் ஒருமுறை கூடப் பார்க்கவில்லையே.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நான்காம் பாடத்தைச் சத்தம் வைத்துப் பார்த்தேன். கோட்காரர் ஒரு பட்டியலை ஸ்பேஸ் பாரில் தட்டித் தட்டி நிறுத்தினார், அப்படியே எங்களைப் போல. பிறகு எழுத்தை இரண்டு அளவு பெரிதாக்கினார். பட்டியல் குலைந்தது. “வயதானவர்கள் படிக்க எழுத்தைப் பெரிதாக்கினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்,” என்றார்.

இவர் என்ன எனக்குச் சொல்வது என்று, நான் அன்று காலை அடித்த தாள் ஒன்றைத் திறந்து எழுத்தைப் பெரிதாக்கினேன். வரிசையின் கடைசியில் இருந்த எண் இடமில்லாமல் அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போய் விழுந்தது. ஒரு மருந்தின் இரவு மாத்திரை, கீழே இருந்த வேறொரு மருந்தின் பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. ஸ்பீடு அக்கா பக்கம் திரும்பினேன்.

“அக்கா, யாராவது பெரிய எழுத்துல கேட்டிருக்காங்களா?”

ஸ்பீடு அக்கா டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: “எப்பவாவது கேப்பாங்க. மறுபடி தட்டி நேராக்கிக் குடுத்துடுவேன்.”

“கவனிக்காம விட்டிருந்தா?”

“இத்தனை வருஷத்துல விடல,” என்றாள். டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு, “விட்டிருந்தா எனக்கு எப்படிடி தெரியும்?” என்றாள்.

அதுவரை அந்த மென்பொருளைத் திட்டவாவது முடிந்தது. அதற்கும் வழியில்லாமல் போனது. அன்றிலிருந்து பன்னிரண்டு பாடத்தையும் முதலிலிருந்து, மவுஸ் உட்பட, பார்த்தேன். பஸ்ஸில் பார்த்தேன், சாப்பிடும்போது பார்த்தேன். ஒன்பது நாளில் எல்லாம் கைக்கு வந்தது. ஒன்றும் மலையைப் புரட்டுகிற வித்தை இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

இருபத்தைந்தாம் தேதி மேனேஜரைப் பார்த்தேன். அதே பட்டியலைப் பழைய முறையில் ஒரு தாள், புது முறையில் ஒரு தாள் எடுத்துப் போயிருந்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்தின்மேல் எழுத்து அச்சாகப் பொருந்தியது.

“ரெண்டும் ஒண்ணாத்தான்மா இருக்கு.”

“இப்போ எனக்கு ரெண்டுமே தெரியும் சார். அடுத்த மாசம் பதினொண்ணாம் தேதி மறுதேர்வு. பத்துப் பதினஞ்சு நாள் அந்த எடத்தைக் காலியா வச்சிருந்தீங்கன்னா...”

“என் கையிலயா இருக்கு? மேலேருந்து ஆர்டர் வந்தாச்சு. முப்பதாம் தேதிக்குள்ள பேர் அனுப்பணும், இல்லைன்னா வெளியாளுக்கு நோட்டீஸ் போடணும்.” தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். “நீ நல்லா வேலை செய்யற பொண்ணு. யார் இல்லைன்னு சொன்னா? தற்காலிகமா இரு, பாத்துக்கலாம்.”

பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எழுந்தேன்.

“ஒரு நிமிஷம்,” என்று டிராயரைத் திறந்து, கையால் எழுதிய தாள் ஒன்றை நீட்டினார். “தப்பா நெனைக்காதம்மா. ஸ்பீடு அக்கா லீவு. இதை அடிச்சுக் குடுத்துட்டா போர்டுல ஒட்டிடலாம்.”

ஸ்பீடு அக்காவின் இடத்துக்கு ஆள் தேவை என்ற அறிவிப்பு அது. மறுத்திருக்கலாம். மூஞ்சியில் விட்டெறிந்திருக்கலாம். அப்படிச் செய்தால் தற்காலிகமும் போய்விடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். உட்கார்ந்து அடித்தேன். தலைப்புக்குத் தலைப்புப் பாணி. தகுதி, வயது, கடைசித் தேதி எல்லாம் முறையான அட்டவணையில். ஒரு ஸ்பேஸ் அதிகம் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கட்டம் அசையவில்லை. ‘சான்றிதழ் கட்டாயம்’ என்ற வரியைத் தடிப்பாக்கச் சொல்லியிருந்தார். தடிப்பாக்கினேன்.

அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டுவது அம்மாவின் வேலைகளில் ஒன்று. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் ஸ்டூலில் ஏறி, நாலு மூலைக்கும் டேப் ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

“நேரா இருக்காடி?”

“இருக்கு.”

“என்ன போட்டிருக்கு?”

“டைப் அடிக்க ஆள் வேணும்னு.”

ஸ்டூலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

“அப்போ நீ ஒண்ணு எழுதிப் போடேன்! இங்கயே இருக்க, டிகிரி வேற படிச்சிருக்க. உனக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?”

ஸ்டூல் ஆடியது. பிடித்துக்கொண்டேன்.

“எறங்கும்மா,” என்றேன். “மொதல்ல எறங்கு.”