வண்டியின் விசில்

கமால் பாய்க்குத் தானியேல் தரவேண்டிய பாக்கி மூவாயிரத்து நானூறு ரூபாய். பாய் வாங்க நினைத்த பழைய டீசல் வண்டியைப் பார்த்துச் சொல்ல அவனையே கூப்பிட்டார். ஷிப்ட் ஆளுங்களை எளாவூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு அதே வண்டியில் வருசக்கணக்காக ஏற்றிப் போனவன் அவன்.

"நல்லா இருந்தா நீயே ஓட்டு" என்றார்.

வேலையில்லாத தானியேலுக்கு மனசு துள்ளியது. ஆக்சிலேட்டரை மிதித்தான். அப்பல்லாம் இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ விசிலடித்தாலே பின்சீட்டுப் பொம்பளைங்க பாட ஆரம்பிப்பார்கள். இப்போது விசில் ஊளையாக வந்தது, பின்னால் நீலப்புகை. டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் வழிந்தது.

பானெட்டை மெதுவாக மூடினான். "வாணாம் பாய். டர்போ போச்சு."

"உன் வேலையும் சேர்ந்து போச்சே?"

"இன்னா பண்றது?"

பாய் சிரித்துக்கினே அவன் தோளைத் தட்டினார். "என் துட்ட காப்பாத்திக் குடுத்துட்ட. பழைய பாக்கிய இனிமே பேசாத நைனா."