ரூவானுக்கு இரண்டு இரவுகள்

ஜில் அந்த ஹோட்டலையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பழைய மரச்சட்டங்கள் தெரியும் சுவர், சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு, ஜன்னலைத் திறந்தால் எதிரே பிரான்சின் ரூவான் நகரத்துப் பெரிய கடிகாரம். ஆனால் காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்த வேண்டுமாம்.

அடுப்பருகே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அவள் கணவன் நைஜல் திரும்பிப் பார்த்தான். பிரைட்டன் தடத்தில் பேருந்து ஓட்டுகிறவன். பயணிகளின் முணுமுணுப்புக்குப் பழகிய பொறுமை அவனிடம் உண்டு. ஆனால் இந்த மாதம் முழுக்க மாலைதோறும் ஒரு ஹோட்டல் வந்து போனதில் அதுவும் தேய்ந்திருந்தது.

"இது எதுக்கு வேணாம்?"

"கார் தூரத்துல நிக்கும். ஏதாவது ஒண்ணுன்னா எப்படிக் கிளம்புறது?"

"ஜில், நீ ஊரைப் பார்க்கப் போறியா, இல்ல ஊரை விட்டு ஓடறதுக்கு வழி பார்க்கறியா?"

"ரெண்டும்தான்."

துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான் ரோரி. இருபத்து மூன்று வயது, அப்பாவைவிட உயரம். கண்ணாடிக் கதவுக்குள் துண்டுகள் சுற்றுவதைப் பார்த்தபடி தானும் லேசாக ஆடிக்கொண்டிருந்தான். அவனிடம் இருக்கும் சொற்கள் கொஞ்சம்தான். டீ, போலாம், அம்மா. ஜில் கடைக்குப் போனால் திரும்பி வரும்வரை வாசல் கதவில் நெற்றியை முட்டியபடி நிற்பான். அவன் பிறந்த பிறகு ஜில்லும் நைஜலும் சேர்ந்து வெளியில் ஓர் இரவு தங்கியதில்லை. இங்கிலாந்துக் கடலோரத்தில், நியூஹேவனில் அவர்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் பிரான்சுக்குப் போகும் கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்வது தெரியும். தினமும் தெரியும். இப்போது பக்கத்து ஊரான சீஃபோர்ட்டில், ரோரியைப் போன்றவர்களைச் சில நாள் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் இரண்டு இரவுகளுக்கு இடம் கிடைத்திருந்தது. ரூவான் நைஜலின் தேர்வு. பேருந்தில் யாரோ விட்டுப்போன சுற்றுலாப் புத்தகத்தில் அந்த ஊர்த் தேவாலயத்தைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சு.

ஜில் இன்னொரு படத்தைத் தட்டினாள். ஓர் உணவகம். சிறிய மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். அங்கே உட்கார்ந்து இவனிடம் என்ன பேசுவது? வீட்டில் பேச்சென்றால் மருந்து, குளியல், ராத்திரி எழுந்தானா, உன் முறையா என் முறையா என்பதுதான். அதையெல்லாம் எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. ரோரியைப் பற்றிய பயத்துக்குப் பின்னால் இந்தப் பயமும் பதுங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. சட்டென்று லேப்டாப்பை மூடினாள்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம் நைஜல். குளிர் வேற வருது."

நைஜல் கத்தியைக் கீழே வைத்தான். குரலை உயர்த்தவில்லை.

"ஒருநாள் நாம ரெண்டு பேரும் இல்லாமப் போவோம்ல? அன்னிக்குத்தான் அவன் முதல் தடவையா வேற வீட்ல தூங்கணுமா?"

இத்தனை வருடங்களில் இருவருமே வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. இயந்திரம் கடகடத்து நின்றது. ரோரி கண்ணாடிக் கதவை உள்ளங்கையால் தட்டி, "போலாம்" என்றான். அது துணிகளுக்குச் சொன்னது. ஆனாலும் ஜில் லேப்டாப்பைத் திறந்து, கடிகாரம் தெரியும் அந்த ஹோட்டலுக்கே போய், கார் எங்கே நிற்கும் என்று மறுபடி பார்க்காமல் அறையைப் பதிவு செய்தாள்.

பயண நாளான வெள்ளிக்கிழமை காலை சீஃபோர்ட் இல்லத்தின் வாசலில் ரோரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக உள்ளே நடந்தான். சமையலறைக்குப் பக்கத்தில் ஓர் அறை, அதில் பெரிய துவைக்கும் இயந்திரங்கள் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. அவன் அவற்றுக்கு நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரே சமயத்தில் இரண்டையும் பார்க்க முடியாமல் தலையை இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டிருந்தான்.

பெவர்லி என்ற பணியாளர் சிரித்தாள். "இவன் இங்கேயே இருந்துடுவான் போலிருக்கு. நீங்க கிளம்புங்க கண்ணு. ஏதாவதுன்னா நானே போன் பண்றேன்."

ஜில் குனிந்து மகனின் தலையில் முத்தமிட்டாள். அவன் தலையை விலக்கிக்கொண்டான், அம்மா இயந்திரத்தை மறைத்தாள் என்பதற்காக. அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. கொஞ்சம் கோபம்தான் வந்தது.

வெளியே காரில் நைஜல் சாவியைப் போட்டான், திருப்பவில்லை. தினமும் பேருந்தை நிறைத்து ஆட்களை ஏற்றிப் போகிற மனிதன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"திரும்பிக்கூடப் பார்க்கலையே அவன்."

"நல்லதுதானே? அதைத்தானே நீ சொல்லிட்டிருந்த?"

"சொன்னேன்தான்." புறங்கையால் மூக்கைத் துடைத்தான். "ஒரு தடவை உள்ளே போய் எட்டிப் பார்த்துட்டு வந்துடறேன். ஒரே ஒரு தடவை."

"போனா நீ வரமாட்ட. இறங்கு. நான் ஓட்டறேன்."

"நீ ஓட்டினா கப்பல் போயிடும்."

"கப்பல் போனா நீந்திப் போவோம். இறங்குடா."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். துறைமுகம் வரை நைஜலின் கால், அவன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

கப்பலில் மேல்தளத்துக்குப் போகும் படிகள் அருகே, ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெள்ளைப் பாறைகள் பின்னால் போயின. இருவரும் போனை மேசைமேல் வைத்து அதையே பார்த்தார்கள். கரை மறைந்த பிறகு இரண்டும் ஊமையாகிவிட்டன. ஜில் எழுந்து நடந்தாள், கடை வரை போனாள், எதுவும் வாங்காமல் வந்தாள், மறுபடி போனாள். நீண்ட நேரம் கழித்து இரண்டு போன்களும் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. நைஜல் பாய்ந்து எடுத்ததில் டீ கவிழ்ந்தது.

குறுஞ்செய்தியில் பிரான்ஸ் அவர்களை அன்போடு வரவேற்றது. அங்கே பேசினால் நிமிடத்துக்கு என்ன கட்டணம் என்பதும் அதில் இருந்தது.

"நாசமாப் போக" என்றான் நைஜல். ஜில் சிரிக்க ஆரம்பித்தாள். அவனும் சிரித்தான், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு. பெவர்லியை அழைத்தார்கள். ரோரி சாப்பிட்டானாம். அம்மா என்று ஒரு தடவை கேட்டானாம், அழவில்லையாம். "கேட்டானா?" என்று ஜில் திரும்பத் திரும்பக் கேட்டாள். போனை வைத்த பிறகு அடுத்து என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. நைஜல் அந்தப் பெரிய கடிகாரத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். பாதியில் குரல் தேய்ந்தது. தலை சரிந்து அவள் தோளில் விழுந்தது.

பிரெஞ்சுத் துறைமுகமான தியெப் நெருங்கியபோது ஓட்டுநர்கள் கீழே கார்களுக்குப் போகும்படி அறிவிப்பு வந்தது. ஆட்கள் பைகளை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார்கள். தளம் காலியாகிக்கொண்டே வந்தது. காலடியில், எங்கோ ஆழத்தில், கார்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன. அவர்களுடைய கார் வரிசையின் முன்பக்கம் நின்றது. அது நகராமல் பின்னாலிருப்பவர்கள் யாரும் வெளியே போக முடியாது. நைஜல் வாய் லேசாகத் திறந்திருக்க, பட்டப்பகலில், உரக்க மூச்சுவிட்டுத் தூங்கினான். ஜில் அவனை எழுப்பவில்லை; தோளை அசைக்காமல், சிந்திய டீ மேசை விளிம்புவரை ஓடி, அங்கே தயங்கித் தயங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.