சம்பந்தி கொடுத்த ஆம்ப்ளிஃபயர்

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஐம்பத்தாறாவது வயதில் ஒரு சம்பந்தி வாய்த்தார். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் தலைமை மெக்கானிக். ஆள் தங்கம். ஆனால் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். சுற்றி வளைத்தாவது அந்தப் பதிலுக்குள் ஒரு மோட்டார் வந்து உட்கார்ந்துவிடும். பெண் கொடுத்த இடமாயிற்றே என்று கடைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவைப்பார். அப்படித் தலையாட்டித் தலையாட்டி வந்த வினைதான் இது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் ஒரு மதியம் சம்பந்தி கடைக்கு வந்தார். கடைக்காரர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, ஃபோனில் புல்லாங்குழல் கேட்டபடி ஒரு லென்ஸின் ஓரத்தைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். "என்ன கேக்கறீங்க, குடுங்க பாப்போம்" என்று சம்பந்தி உரிமையோடு ஒரு பக்கத்தை உருவித் தன் காதில் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன சம்பந்தி, கிணத்துக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு?"

"எனக்கு நல்லாத்தான் கேக்குது."

"எப்படிக் கேக்கும்? ஃபோன்ல இருக்கிறது இத்தனூண்டு பேட்டரி. அது திரைக்கு உழைக்குமா, பாட்டுக்கு உழைக்குமா? வெளியில இருந்து தெம்பு குடுக்கணும். ஆம்ப்ளிஃபயர் இல்லாம இயர்போன் மாட்டுறது, மோட்டார் இல்லாத லிஃப்டுல ஏறிக்கிட்டு பட்டனை அமுக்குற மாதிரி."

கடைக்காரர் தலையாட்டினார்.

அடுத்த வாரமே சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு குட்டி வயரால் அதை ஃபோனோடு இணைக்க வேண்டும். இயர்போனை அதில் செருக வேண்டும். ஃபோனைப் போலவே அதற்கும் தினம் சார்ஜ் போட வேண்டும். கடைக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு மணி நேரம் கேட்டார். அதே புல்லாங்குழல்தான். மிஞ்சிப்போனால், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஓர் இரைச்சல் கேட்டது.

"ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்று மனைவி கேட்டாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்பமாட்டாள்.

"தெரியலையே."

"அப்ப அதைச் சொல்லிடுங்க."

"ஆசையா குடுத்த மனுஷன். மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படிச் சொல்றது?"

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியே கூப்பிட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். கடைக்காரரின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"அடேயப்பா, வாசிக்கிறவர் மூச்சு விடுறதுகூடக் கேக்குதுங்க சம்பந்தி."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்கு லிஃப்டே இருந்தது. பத்தே நாளில் இரண்டு குடும்பத்துச் சொந்தபந்தங்களும் புல்லாங்குழல்காரரின் மூச்சைப் பற்றிப் பேசத் தொடங்கின. பிறகு மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, மாமாவுக்குத் தலைகால் புரியலை. உங்களுக்கு அடுத்து இன்னொண்ணு வாங்கப் போறாராம். இதைவிடப் பெரிசாம். வைக்கிறதுக்குத் தனியா ஒரு மேசை வேணுமாம்."

உண்மையைச் சொன்னால் சம்பந்தி மனம் நோகும். சொல்லாவிட்டால் வீட்டில் நடக்க இடம் இருக்காது. மனைவிதான் வழி சொன்னாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அவர் காதையே சொல்ல வைப்போம். எங்க கூடத்துல எந்தக் குழாய் யாரோடதுன்னு தெரியாமத்தான் பாப்போம். பேரு தெரிஞ்சா மனசு முந்திக்கும்."

ஞாயிற்றுக்கிழமை சம்பந்திகள் இருவரையும் சாப்பிட அழைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் கடைக்காரர் மெதுவாகப் பேச்சை எடுத்தார். பெரிசு வாங்குவதற்கு முன் இந்தச் சின்னதன் பெருமையை எல்லாரும் ஒரு முறை கண்ணால் பார்த்துவிடலாமே என்றார். சம்பந்திக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்தது போல ஆயிற்று. "கண்ணைக் கட்டினாலும் சொல்லுவேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கட்டினார்கள். கடைக்காரரின் மனைவி ஒவ்வொரு முறையும் இயர்போனை உருவிச் செருகுவாள். சில முறை ஃபோனில், சில முறை பெட்டியில். மாற்றாத போதும் உருவி அதே இடத்தில் செருகுவாள், செருகும் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று. கடைக்காரர் தன் கடையில் லென்ஸ் மாற்றும் அதே குரலில் கேட்டார்.

"முன்னது தெளிவா, இப்ப உள்ளது தெளிவா? அவசரமில்ல. நிதானமா சொல்லுங்க."

பத்து முறை கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் சம்பந்தி பெட்டியா, ஃபோனா என்று சொன்னார். பத்தும் சரி.

சம்பந்தி கண்கட்டை அவிழ்த்து மீசையைத் தடவினார். "நான் சொன்னேன்ல?" என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டார். அப்படியானால் கோளாறு தன் காதில்தானோ என்றுகூடக் கடைக்காரர் ஒரு கணம் பயந்துவிட்டார்.

மனைவி அசரவில்லை. சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றைத் தன் ஃபோனில் திறந்து, இயர்போனை அதன் மைக்கில் ஒட்டிவைத்துக் காட்டினாள். பெட்டியில் செருகினால் எண் ஏறியது. ஃபோனில் செருகினால் இறங்கியது.

"தப்பா நினைச்சுக்காதீங்க அண்ணே. பெட்டி கொஞ்சம் சத்தமா வச்சிருக்கு. சத்தமா இருந்தாலே நல்லா இருக்கிற மாதிரிதான் தோணும். ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டாந்துட்டு இன்னொரு தரம் பாக்கலாமா?"

"தாராளமா" என்றார் சம்பந்தி.

எண்கள் ஒன்றாகும்வரை அவள் பெட்டியின் குமிழைத் திருகினாள். மறுபடி கண்கட்டு, மறுபடி பத்து முறை. இந்த முறை சம்பந்தி யோசித்தார், உதட்டைக் கடித்தார், "இன்னொரு வாட்டி போடுங்க" என்றார். நான்கு சரி, ஆறு தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட இன்னொன்று சேர்ந்து வந்திருக்கும்.

சம்பந்தியம்மா சேலை நுனியால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"இந்த இயர்போனே சரியில்ல" என்றார் சம்பந்தி. "இடது பக்கம் செத்துக் கிடக்கு. அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அப்படியா? ரெண்டையும் பக்கம் மாத்தி மாட்டுங்க பாப்போம்" என்றார் கடைக்காரர்.

மாற்றி மாட்டினார். சற்று நேரம் கேட்டார். "இப்பவும் இடதுதான் மந்தமா இருக்கு" என்று சொன்னவர், சொல்லி முடிப்பதற்குள் நிறுத்திக்கொண்டார். முப்பது வருடம் மோட்டாரில் பழுது தேடியவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இயர்போன் இடம் மாறியும் பழுது இடம் மாறவில்லை.

கடைக்காரர் தன் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். தன் கண்ணில் குறை என்று அறியாமல் வந்து, பலகையில் எழுத்து மங்கிப்போயிருக்கிறது என்று குற்றம் சொல்பவர்களை அவர் வாரத்துக்கு நாலு பேராவது பார்ப்பார். அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும்.

"இது எல்லாருக்கும் வர்றதுதான் சம்பந்தி. கொஞ்சம் கொஞ்சமா குறையறதால தெரியறதில்ல. உங்களுக்கு நிஜமாவே அந்தப் பெட்டியில நல்லா கேட்டிருக்கு. அது பொய்யில்ல. சத்தம் கூடினதும் காதுக்கு எட்டியிருக்கு, அவ்வளவுதான். பொய் சொன்னவன் நான்."

"நீங்களா?"

"மூச்சு விடுறது எனக்குக் கேக்கவே இல்ல. உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

சம்பந்தி அவரை உற்றுப் பார்த்தார். கடைக்காரரின் மனைவி கையில் வயரோடு அப்படியே நின்றாள். பிறகு சம்பந்தியின் வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரிப்பு அங்கிருந்து மேலேறி முகத்துக்கு வரச் சற்று நேரமானது.

"அந்த மூச்சுக் கதையை நான் எங்க மேனேஜர்கிட்ட வரைக்கும் சொல்லிட்டேன்யா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேர் ஏறுற லிஃப்டுக்குச் சரக்கு லிஃப்டு மோட்டாரை மாட்டியிருக்கேன். இந்தப் பொடி இயர்போனை இழுக்க ஃபோனே போதும்னு இப்பல்ல தெரியுது."

பெட்டியும் வீணாகவில்லை. மாப்பிள்ளையிடம் காதை முழுசாக மூடும் பழைய ஸ்டுடியோ ஹெட்ஃபோன் ஒன்று இருந்தது. அது கனத்த சரக்கு. ஃபோனில் நேரே செருகினால் முழுச் சத்தத்திலும் கொசு முனகுவது போலத்தான் கேட்கும். கறுப்புப் பெட்டியில் செருகியதும் அதற்கு உயிர் வந்துவிட்டதாம். மாப்பிள்ளை அதை ஃபோனில் சொன்னபோது, "பாரு, நான் சொன்னது பாதியாவது சரிதான்" என்று சம்பந்தி தன் மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர் கடைக்கு வந்தார். காது டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் கடைக்காரர்.

"பாதி அழுக்கு, பாதி தொழில். அழுக்கை எடுத்துட்டாங்க. மோட்டார் ரூமுக்குள்ள போனா இனிமே காதுக்கு மூடி போட்டுக்கணுமாம். ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. வேற ஒண்ணும் இல்ல."

"இப்ப எப்படிக் கேக்குது?"

சம்பந்தி வெளியே பார்த்துக்கொண்டே, "வர்ற வழியில எங்க வீட்டம்மா பக்கத்துலயே ஏதோ முணுமுணுத்துக்கிட்டு வந்தா" என்றார். "இத்தனை வருஷமா அவ தனக்குத்தானே பாட்டுப் பாடறான்னு நினைச்சிருந்தேன். இன்னைக்குத்தான் வார்த்தை புரிஞ்சுது. அத்தனையும் என்னைப் பத்தித்தான் சம்பந்தி."

கடைக்காரர் சிரித்தார், சிரித்துக்கொண்டே சாணை இயந்திரத்தைப் போட்டார். சம்பந்தி திடுக்கிட்டு இடது காதில் கையை வைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, அந்த ஓசையை ரசித்துக் கேட்பவர் போல ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தார்.