போனை மறிக்காத பக்கம்

“டாக்டருக்கே தெரியலன்னா அவரு யாரம்மா கேப்பாரு?”

அர்வா ஏழு வயதில் கேட்ட கேள்வி இது. செங்கல்பட்டில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் அவள் தாய் சைதூனுக்கு அந்தக் கேள்வி மறக்கவே இல்லை. இன்டர்நெட் வந்த பிறகுதான் பதில் கிடைத்தது. விஷத்துக்கு என்ன செய்வது, குழந்தைக்கு எவ்வளவு மருந்து என்றெல்லாம் சொல்லும் நல்ல வலைத்தளங்கள் இருந்தன. எங்கே தேடுவது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. சைதூன் அவற்றை ஒரே பக்கத்தில் அடுக்கி, மருத்துவமனையின் நெம்மேலி, படாளம் கிளைகளிலும் திறக்கும்படி செய்தாள்.

“வச்சுக்கோங்கோம்மா. பொங்கல் வரைக்கும் பார்ப்பேன். யாரும் தொடலேன்னா எடுத்துடணும். அந்த மிஷின் பில் போட வாங்கினது” என்றார் தலைமை மருத்துவர் ஸ்ரீனிவாசராகவன்.

யாரும் தொடவில்லை. கார்த்திகையும் கழிந்தது. சைதூன் நெம்மேலிக்கே பஸ் ஏறினாள். அங்கே கம்ப்யூட்டர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு உறைமேல் காய்ந்திருந்தது.

“இன்னாக்கா, தூங்கற சாமிய எழுப்ப வந்துட்டியா?” என்று சிரித்தாள் நர்ஸ் ரெபேக்காள்.

“சாமி தூங்கினா என் பக்கத்த எடுத்துடுவாங்க சிஸ்டர். ஏன் தொடவே மாட்டேன்றீங்க?”

“நெட்டு போட்டா போனு எங்கேஜ்டு ஆவுது. கீறது ஒரே லைனு. அந்நேரம் பாத்து இடுப்பு வலின்னு எவளாச்சும் போன் பண்ணா? நான் இன்னா கல்லா?”

சைதூனுக்குச் சுருக்கென்றது. செங்கல்பட்டில் நெட்டுக்குத் தனி லைன் இருந்தது. இங்கே என்ன ஆகும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. குறை தன் பக்கத்தில்தான். அப்படியானால் இணைப்பை மட்டும் கொடுத்தால் போதாது. தகவல் முழுவதையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இறக்கி வைக்க வேண்டும்.

அதற்கு வேகமான லைன் மாமல்லபுரத்தில் ஆபிரகாமின் பிரவுசிங் சென்டரில் இருந்தது.

“வெள்ளக்காரங்க வர்றதுக்கு முன்னாடி வந்துடுக்கா. எவ்ளோ நேரம் வேணா உக்காந்துக்க” என்றான் அவன். அவள் கட்டணப் பேச்சை எடுத்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். “உசுரு காப்பாத்தற வேலைக்கு நான் மணிக்கணக்கு போட்டா, மேல ஒருத்தர் எனக்குக் கணக்கு போட்டுடுவாரு.”

விடியற்காலை சுபுஹு தொழுததும் முதல் பஸ். பனியானாலும் மழையானாலும் அவள் விடவில்லை. பக்கங்களை இறக்கி, எளிய தமிழில் தலைப்பிட்டு, சிடியில் ஏற்றிக் கிளைகளுக்குத் தானே கொண்டுபோய்ப் போட்டாள். நல்லதை நினைப்பது சுலபம். அதைச் சுமந்து போய்ச் சேர்ப்பதுதான் வணக்கம் என்பது அவள் எண்ணம்.

பொங்கல் நெருங்கியபோது நெம்மேலியில் ஒரு மீனவர் தன் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தண்ணீர் என்று நினைத்துப் பிள்ளை மண்ணெண்ணெய் குடித்துவிட்டான். டாக்டர் இல்லை. வாந்தி எடுக்கட்டும் என்று தகப்பன் உப்புத் தண்ணீரை அவன் வாயருகே கொண்டுபோனார். ரெபேக்காள் உறையைப் பிடுங்கி எறிந்து பக்கத்தைத் திறந்தாள். படித்த வேகத்தில் டம்ளரைத் தட்டிவிட்டாள்.

“வாந்தி எடுக்க வெக்காத நைனா! எண்ணெ நுரையீரல்ல பூந்துடும்!”

மறு கையால் அதே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். லைன் உடனே கிடைத்தது.

மறுநாள் செங்கல்பட்டு வார்டில் பையன் பன் கேட்டு அழுதான். ஸ்ரீனிவாசராகவன் சைதூனைப் பார்த்து, “பக்கம் இருக்கட்டும். படாளத்துலயும் அந்த உறையக் கழட்டிட்டு வாங்கோ” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஆபிரகாமிடம் நடந்ததைச் சொல்லப் போனாள். கேட்டுவிட்டு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வழக்கமான புலம்பல்.

“இங்க தெனம் பேஜாரு யக்கா. டாக்டர் எங்க, பாங்க் எங்க, பஸ்ஸு எப்போன்னு வெள்ளக்காரங்க கேட்டுகினே கீறாங்க. என் இங்கிலீஷு அதுக்குள்ள தீந்துடுது. சரி, மாதா கோயில் மணி அடிக்குது. கடையப் பாத்துக்க.”

அவன் போனான். கடையில் வேறு யாரும் இல்லை. சைதூன் டாக்டர், மருந்துக்கடை, பாங்க், பஸ் நேரம் எல்லாம் வைத்து எளிய ஆங்கிலத்தில் ஒரு சிறு பக்கம் எழுதினாள். ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய், திறந்ததும் அதுவே முதலில் தெரியும்படி வைத்தாள். கீழே பெயர் போடவில்லை. ஆபிரகாம் திரும்பி வந்ததும், “பஸ்ஸுக்கு நேரமாச்சு, தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.