பதினோரு நிமிட மௌனம்

மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். காணொளி வழியே நோயாளிகளைப் பார்ப்பதைத் தொடரலாமா, வேண்டாமா? மனநல ஆலோசகர்கள் எல்லாரும் மாலைக்குள் எழுதித் தர வேண்டும். அவர்களில் ஒருத்தியான அவள் காலையிலேயே எழுதிவிட்டாள்: 'வேண்டாம். நான் காது கொடுத்துக் கேட்பதன் ஆழம் திரையில் போய்ச் சேர்வதில்லை.' எழுதியதை இரண்டு முறை படித்துத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

கேட்பதைப் பற்றி அவள் பேசினால், கூட வேலை செய்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அங்கே அவளுக்குப் பெயரே 'அதாவது அக்கா'. எதிரே இருப்பவர் பாதி சொல்வதற்குள், "அதாவது நீங்க என்ன சொல்றீங்கன்னா..." என்று மீதியை அவளே முடித்துவிடுவாள். அது அவளுக்கும் தெரியும். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

பதினோரு மணிக்கு வீட்டு மேசையில் கணினியைத் திறந்தாள். திரையில் ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். ஒரு விபத்துக்குப் பிறகு ஏழு மாதமாக வாசலைத் தாண்டாதவர். வாரம் ஒரு முறை இந்தத் திரைதான் அவருக்கு வெளியுலகம். அன்று ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தலை குனிந்தார். அப்படியே அசையாமல் இருந்தார்.

மௌனம்! நோயாளியின் மௌனத்தை உடைக்காதே என்று படிக்கிற காலத்தில் ஆசிரியர் தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான்கு நிமிடம். 'அதாவது' தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. ஒன்பது நிமிடம். இதை யாராவது வந்து பார்க்கக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

பதினோராவது நிமிடம் படம் துள்ளியது. ஓட்டுநர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மனசு லேசாயிடுச்சு மேடம். பொண்டாட்டிகிட்டகூட இதைச் சொன்னதில்ல. நீங்களும் இன்னைக்குத்தான் நடுவுல புகுந்து பேசாம கேட்டீங்க."

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். அவர் தலைக்கு மேல் எப்போதும் சுற்றும் மின்விசிறியும் இவ்வளவு நேரம் நின்றிருந்தது அப்போதுதான் உறைத்தது. இணையம் அறுந்து, இவள் பார்த்தது அவருடைய நின்றுபோன படத்தை. அவர் மனம்விட்டுப் பேசியது இவளுடைய நின்றுபோன படத்திடம்.

தலையாட்டிவிட்டால் தீர்ந்தது. உண்மையைச் சொன்னால், பிடித்திருக்கிற ஒரே கயிற்றையும் அவர் விட்டுவிடலாம். அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ஆனால் கேட்காததைக் கேட்டதாக நடித்து அடுத்த வாரம் எந்த முகத்தோடு உட்காருவது?

"மன்னிச்சுக்குங்க சார். லைன் கட்டாயிடுச்சு. நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கல."

இப்போது மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவர்தான் பேசவில்லை.

"அப்போ நான் யார்கிட்ட சொன்னேன்?"

"என் படத்துக்கிட்ட."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறினாள். சிரித்துக்கொண்டிருந்தார், ஏழு மாதத்தில் முதல் முறையாக.

"அது நல்லாவே கேட்டுச்சு மேடம். சரி, மறுபடி சொல்றேன். ஆனா இந்த லைனை நம்பி இல்ல. மச்சானைக் கூட்டிக்கிட்டுப் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கே வரேன். நீங்க மட்டும் அந்தப் படம் மாதிரியே உட்காரணும்."

"அதாவது நீங்க..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

படிவத்தை அழித்து எழுதினாள்: 'தொடரலாம். என்னைவிட என் படம் நன்றாகக் கேட்கிறது.'

புதன்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அன்று மாலையே கண்ணாடி முன் உட்கார்ந்து, வாயை மூடிப் பழக ஆரம்பித்தாள்.