நூற்றிரண்டு வயது விண்ணப்பதாரர்

எலிசேயோ செய்த தப்பு சின்னதுதான்: செத்துப்போன அப்பாவின் பெயரில் சூரியத் தகடு மானியத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். புவேர்ட்டோ ரிக்கோவின் அந்த மலைத்தெருவில் பாதி வீடுகளுக்கு மின்கட்டண ரசீது கல்லறையில் இருப்பவர்கள் பெயரில்தான் வரும். இணைப்பு யார் பெயரில் என்று படிவம் கேட்டது. ரசீதைப் பார்த்து எழுதினார். முதியோருக்கு முன்னுரிமை என்றும் இருந்தது. கை சும்மா இருக்குமா? அப்பாவின் பிறந்த வருடத்தையும் நிரப்பினார்.

பலன் உடனே கிடைத்தது. அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, விண்ணப்பித்தவர்களில் மூத்தவர் உங்கள் அப்பாதான், நேரில் வந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அப்பா பதினெட்டு வருடமாக யாரையும் பார்ப்பதில்லை என்று எலிசேயோ ஒருவழியாகச் சொல்லி முடித்தார். விண்ணப்பம் ரத்தானது.

சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய விஷயமில்லை. மனைவி மிக்தாலியா பிராணவாயு இயந்திரத்தோடுதான் தூங்குவாள். வாரத்துக்கு மூன்று தடவை மின்சாரம் போகும், இயந்திரமும் நின்றுபோகும். தகடும் மின்கலமும் சொந்தமாக வாங்க, முப்பது வருடம் ஓட்டிய பேருந்தை விற்றாலும் போதாது. பேருந்தும் அவருடையதில்லை.

"உங்கப்பாவுக்கு இருக்குற செல்வாக்கு உங்களுக்கு இல்ல," என்றாள் மிக்தாலியா, மூச்சு வாங்கிக்கொண்டே.

மறுநாள் காலையில் எலிசேயோ சோறும் அவரைக்குழம்பும் கட்டிக்கொண்டு போய் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டார். முதல் ஜன்னல் இரண்டாவதற்கு அனுப்பியது, இரண்டாவது முதலாவதற்கே திருப்பியது. மூன்றாம் நாள், இவர் போகமாட்டார் என்று தெரிந்ததும் ஒருவர் விவரம் சொன்னார்: மகன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம், ஆனால் வீட்டுக்கு வாரிசு எத்தனை பேரோ அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும், மாதக் கடைசிவரைதான் அவகாசம்.

இன்னொரு வாரிசு ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் இருக்கும் அக்கா நெரெய்டா. பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டுக்காக எழுதி வைத்திருந்த பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதி, பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு காகிதம் அனுப்பினார். பிறகு தினமும் கூப்பிட்டார். அக்கா மழையைப் பற்றிப் பேசினாள், முட்டிவலியைப் பற்றிப் பேசினாள், காகிதத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவரும் ஜோக்கடித்தே சுற்றிவளைத்தார். பதினோரு நாள் இப்படியே போயிற்று.

பன்னிரண்டாம் நாள் ஜோக்கைக் கீழே வைத்தார்.

"அக்கா, நேத்து கரண்ட் போயி நாலு மணி நேரம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்லேர்ந்து ஒயர் இழுத்துத்தான் அவ மூச்சு விட்டா. கையெழுத்து போடுவியா, மாட்டியா? மாட்டேன்னா சொல்லிடு, நான் வேற வழி பாக்கணும்."

அதற்குமேல் ஒரு ஜோக்கும் சேர்க்கவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

"நாப்பது வருஷமா வாடகை வீடுடா எனக்கு," என்றாள் நெரெய்டா. "ஊர்ல ஒரு வீடு இருக்குன்னு சொல்லிக்கிட்டுத்தான் இங்க இருக்கேன். அதையும் எழுதிக் குடுன்னு காகிதம் அனுப்புற. அந்தக் காகிதத்துல போடமாட்டேன். ரெண்டு பேரும் வாரிசு, தகடு மாட்ட ரெண்டு பேருக்கும் சம்மதம்னு எழுதி அனுப்பு. வந்த அன்னைக்கே போட்டு அனுப்புறேன்."