ஈரமில்லாத தரை

விழுந்து கிடந்தபடியே நாச்சிமுத்து சொன்ன முதல் வார்த்தை, "ஈரம்" என்பதுதான்.

அவருடைய பனியன் கம்பெனியின் முதல் மாடியில் செக்கிங் செக்‌ஷன். ஏற்றுமதிக்குப் போகிற பனியன்களை முப்பது பெண்கள் மேசைகளில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு அங்கே ஒரு சுற்று வருவது அவருக்கு இருபத்தெட்டு வருடப் பழக்கம். அன்று பின்னாலிருந்து யாரோ "ஐயா" என்று கூப்பிட்டார்கள். திரும்பினார். தலை திரும்பியது, இடுப்பு திரும்பியது, வலது கால் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எதையும் பிடிக்கத் தோன்றவில்லை. இடது கையை ஊன்றியபோது மணிக்கட்டில் சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம்.

வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடந்தது. வலிக்கும் முன்னால் அதுதான் உறைத்தது. முப்பது பேரும் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி மட்டும் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். அப்போதுதான் அவர் கண்ணில் கதவோரம் இருந்த வாளியும் மாப்பும் பட்டன.

"ஈரம்," என்றார் மறுபடியும், எல்லோருக்கும் கேட்கும்படி. "தொடச்சிட்டு அப்பிடியே உட்டுட்டா மனுசன் எப்பிடி நடக்கறது?"

தரை காய்ந்து கிடந்தது. அந்த முப்பது பேரில் பாதிப் பேருக்காவது அது தெரிந்திருக்கும். யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டித் துடைக்கிற கருத்தம்மாவை அன்று சாயங்காலமே நிறுத்திவிட்டதாக மகன் பூபதி ஆஸ்பத்திரியில் வந்து சொன்னான். கையில் மாவுக்கட்டு போட்டுப் படுத்திருந்த நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு, "செரி," என்றார்.

அது மூன்றாவது விழுதல். முதல் முறை குளியலறையில். அதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது சேவூர் தோட்டத்தில், சும்மா நின்று கொண்டிருக்கும்போதே. மாடு இடித்துவிட்டது என்று மனைவி வேலாத்தாளிடம் சொல்லிவைத்தார். அவருடைய அண்ணன் பொங்கியண்ணன் ஒரே ஒரு தடவை தான் விழுந்தார். மறுநாள் வாசல் பக்கத்து ஆசாரத்தில் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். அதன்பிறகு தோட்டத்தில் என்ன வைப்பது என்றுகூட அவரை யாரும் கேட்கவில்லை. செத்துப்போகும் வரை மூன்று வருடம், வருகிறவர்களுக்கெல்லாம் 'வாங்க' சொல்வது மட்டும்தான் அவர் வேலை. பூபதியும் ஒரு வருடமாக, "நீங்க ஊட்டுலயே இருங்கப்பா," என்று ஆரம்பித்திருந்தான். ஈரத்தில் வழுக்குவது யாருக்கும் நடக்கும். காலே பேச்சுக் கேட்காமல் போவது வேறு.

கட்டுப் பிரித்ததும் கைக்குப் பயிற்சி எடுக்கச் சொல்லி ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த அனிதாவுக்கு முப்பது வயதுகூட இராது. அவள் கையைப் பார்ப்பதற்கு முன்பு அவர் நடையைப் பார்த்தாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். அவரால் மூன்று எண்ணும் வரைகூட நிற்க முடியவில்லை. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டாள். தரை ஈரம் என்றார்.

"தரை வழுக்கியிருந்தா தரையப் பாத்துக்கலாமுங்க ஐயா. காலு எடுத்து வெக்காம உழுந்திருந்தா அதுக்கு வேற பயிற்சி. சரியாச் சொல்லுங்க."

"ஈரந்தான் கண்ணு."

வாரத்துக்கு மூன்று நாள். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, குதிகாலும் விரலும் ஒட்ட ஒரே கோட்டில் நடப்பது. மூன்றாவது வாரம் அவர் இடுப்பில் அகலமான ஒரு பெல்ட்டைக் கட்டி அனிதா பின்னால் நின்றுகொண்டாள். தன் கைமேல் முதுகைச் சாய்க்கச் சொன்னாள். திடீரென்று கையை எடுத்துவிடுவேன், அப்போது சட்டென்று ஒரு எட்டுப் பின்னால் வைத்து நிற்க வேண்டும் என்றாள். விழாமல் இருப்பது ஒரு பாதிதான், விழப்போகும்போது அந்த ஒரு எட்டை வைப்பது மறு பாதி, அதைக் காலுக்குப் பழக்கிவிடலாம் என்றும் சொன்னாள். அவர் சாய்ந்தார். கை விலகியது. எட்டு வை என்று மனசு கத்தியது, கால் அசையவில்லை. வெட்டிய தென்னை போல அப்படியே பின்னால் போனார். பெல்ட்டைப் பிடித்து நிறுத்திய அனிதா, அவர் காதருகில் மெதுவாகக் கேட்டாள்.

"இப்பிடித்தானுங்களே உழுந்தீங்க?"

தரையில் ரப்பர் விரிப்பு. சொட்டு ஈரமில்லை. நாச்சிமுத்துவின் முகம் காது வரைக்கும் சூடேறியது. எழுபத்திரண்டு வயதில், பேத்தி வயதுப் பெண்ணின் கையில் தொங்கிக்கொண்டு, "ஆமா கண்ணு," என்றார். அவள் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, இன்னொரு தடவை சாயச் சொன்னாள். அவளுக்கு அது அவ்வளவுதான்.

அவருக்கு அப்படி முடியவில்லை. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த வாளி ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை டிரைவரிடம் வேலம்பாளையம் போகச் சொன்னார். விசாரித்து விசாரித்து ஒரு லைன் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். எட்டு அறைகளும் ஒரு பொதுக் குழாயும். கருத்தம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். கை தேவலையா என்று கேட்டாள். அவள் கேட்டதே அவருக்குத் தாங்கவில்லை.

பனியன் வேஸ்ட் குடோனில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போவதாகச் சொன்னாள். நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார வேண்டும், முழங்கால்தான் கேட்கமாட்டேன் என்கிறது என்றாள். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் அவ்வளவே.

"அன்னைக்குத் தரை காஞ்சுதான் இருந்துச்சு அம்மிணி. எங்காலுதான் வரல," என்றார் அவர், குழாயைப் பார்த்துக்கொண்டு. "நான் பொய் சொல்லிப்போட்டேன்."

குழாயடியில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கருத்தம்மா குழாயைத் திருகி மூடினாள்.

"எனக்குத் தெரியாதாய்யா. நான் இன்னும் மாப்பையே நனைக்கல. ஒங்களத் தூக்கத்தான வாளிய வச்சிட்டு ஓடியாந்தேன்."

அக்குளில் கொடுத்த கை. அது யாருடையது என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர் யோசித்துப் பார்க்கவில்லை. திரும்ப வேலைக்கு வந்துவிடு, பூபதியிடம் சொல்லிவிடுகிறேன் என்று ஏதோ குழறினார்.

"வேலைக்கென்னய்யா, திருப்பூர்ல எங்கயும் கெடக்கு. மொதலாளிய வுழத்தட்டுனவள்னு பேராயிட்டுல்லா, அதுக்கு என்ன செய்ய? எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்லுதீங்க. அன்னைக்கு நின்ன முப்பது பேரு கிட்டல்லா சொல்லணும்."

வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. துணிகளைப் பிழிய ஆரம்பித்தாள்.

அடுத்த நாள் பத்து மணிக்கு அவர் செக்கிங் செக்‌ஷனுக்குப் போகவில்லை. ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்து, விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்விடலாம் என்று இரண்டு தடவை எழுந்தார். டீ மணி அடிக்கும் முன்னால் மாடியேறினார். சூப்பர்வைசர் விஜயராணியிடம் வேலையை நிறுத்தச் சொன்னார். திட்டப்போகிறார் என்று நினைத்துப் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"கருத்தம்மா மேல தப்பில்லீங்க. தரை ஈரமா இல்ல. எனக்குக் காலு நிக்கறதில்ல, அதுதான் உழுந்தேன். இதுக்கு முந்தியும் ரெண்டு தடவ உழுந்திருக்கறேன்."

தமிழ் தெரியாத இரண்டு வடக்கத்திப் பெண்கள் பக்கத்தில் இருந்தவளிடம் என்னவென்று கேட்டார்கள். அவள் இந்தியில் சொன்னாள். அதைச் சொல்லி முடிக்கிற வரை அவர் நின்றுகொண்டிருக்க வேண்டியிருந்தது. கதவருகே பூபதி எப்போது வந்தான் என்று தெரியவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களேப்பா," என்றான் தணிந்த குரலில். அவன் எதைச் சொல்கிறான், விழுந்ததையா, பொய்யையா என்று நாச்சிமுத்து கேட்டுக்கொள்ளவில்லை.

டீ மணி அடித்தது. அவர் படியிறங்க வந்தபோது, முன்னால் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நின்று, தூக்குவாளியும் கையுமாகச் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். கீழ்ப்படி வரைக்கும் இரண்டு ஆள் அகலத்துக்கு இடம். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவர் செருப்பின் மேல் இருந்தன. நாச்சிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தார்.